கூப்பன் அரிசி முதல் போத்தல் விளக்கு வரை: எமது வீடுகளின் நூறு ஆண்டு

ஒரு கல்லூரியின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் தேடுவது அதிபர்களின் பெயர்களையும், கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டுகளையும், பரீட்சைப் பெறுபேறுகளையுமே. அவையெல்லாம் இம்மலரின் ஏனைய பக்கங்களில் உரிய இடத்தைப் பெற்றுள்ளன. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. பாடசாலை மணி அடித்து வீடு திரும்பிய மாணவி அங்கே எதைச் சாப்பிட்டாள், எதை உடுத்தாள், எந்த வெளிச்சத்தில் படித்தாள், பொழுதை எப்படிப் போக்கினாள் என்ற வரலாறு அது.

யாழ்ப்பாணத்து வீடுகளின் கடந்த நூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கையில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இன்று நாம் 'எங்கட பழக்கம்', 'எங்கட ருசி' என்று பெருமையோடு சொல்லும் பலவும் வசதியான காலத்தில் பிறந்தவையல்ல. ஏதோவொரு தட்டுப்பாட்டில், இருப்பதைக் கொண்டு சமாளிக்க வேண்டிய கட்டாயத்தில், எமது பாட்டிமாரும் அம்மாமாரும் பின்னர் நாமும் கண்டுபிடித்தவை அவை. கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆகையால் அவர்களது கைவேலையையாவது இம்மலரில் பதிந்து வைக்க விரும்புகிறோம்.

சொற்களில் தங்கிய வீடு

எமது சங்கம் தொடங்கிய காலத்து வீட்டை மனக்கண்ணில் கொண்டு வருவோம். நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடு, அல்லது சாணத்தால் மெழுகிய திண்ணையோடு கூடிய ஓலை வீடு. வசதியான வீட்டின் விறாந்தையில் ஐயாவுக்கென ஒரு சாய்மனைக் கதிரை. அறையில் அலுமாரி, அதில் லாச்சி. யன்னலோரம் மேசை. பின்புறம் குசினி. குளித்து வந்தால் துடைக்கத் துவாய், சட்டைப்பைக்குள் லேஞ்சி, தேத்தண்ணீர்க் கோப்பைக்குக் கீழே பீரிஸ்.

இவற்றில் கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், குசினி, துவாய், லேஞ்சி, பீரிஸ் ஆகிய சொற்களும், காலையில் நாம் சாப்பிடும் பாணும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. லாச்சி ஒல்லாந்தர் தந்தது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி நாற்பது ஆண்டுகூட நீடிக்கவில்லை. சொற்களோ நானூறு ஆண்டுகளாக எமது வாயில் நிற்கின்றன. ஊருக்கு வெளியேயிருந்து வந்ததை எடுத்து, எமது கைக்கும் வாய்க்கும் ஏற்பத் திருத்தி, எமதாக்கிக் கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

அந்தக் கால வீடுகள் பலவற்றுக்கு மலாயாவிலிருந்து காசு வந்தது. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்க்க அங்கு சென்றவர்கள் அனுப்பிய பணத்தில் கல்வீடுகள் எழுந்தன, பெண்பிள்ளைகள் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள், சீதனமும் சேர்ந்தது.

கூப்பன் வந்த கதை

1942இன் தொடக்க மாதங்களில் இந்த ஒழுங்கு குலைந்தது. பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. மலாயாவிலிருந்து காசும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அங்கிருந்த கணவனோ தகப்பனோ உயிரோடிருக்கிறாரா என்று தெரியாமலே பல குடும்பங்கள் 1945 வரை காத்திருந்தன. அதேவேளை இலங்கை பெருமளவில் நம்பியிருந்த பர்மா அரிசியும் நின்றது.

அரிசி பங்கீட்டுக்கு வந்தது. 'கூப்பன்' என்ற சொல் அன்றாடப் பேச்சில் ஏறியது; சங்கக்கடை வாசலில் வரிசை நிற்பது வாழ்க்கையின் ஒரு பகுதியானது. போதாத அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. அரிசிமாவில் பிட்டும் இடியப்பமும் அவித்துப் பழகிய கைக்குள் இந்த மா அடங்கவில்லை. தண்ணீர் பட்டதும் ஒட்டிப் பசையாகியது.

இதற்கு எமது அடுப்படிகளில் பழகிப்போன வழி மிக எளியது. கோதுமை மாவைத் துணியில் கட்டி முதலில் ஆவியில் அவித்தார்கள். கட்டியாகிய மாவை உடைத்து அரிதட்டில் அரித்தார்கள். அவிந்த மா பசைத்தன்மை குறைந்து, பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் இசைந்து கொடுத்தது. அரிசிமாவோடு கலந்தபோது மேலும் மெதுமையாயிற்று. போர் முடிந்தும் கோதுமை மா எமது அடுப்படியை விட்டுப் போகவில்லை. இன்று ரொறன்ரோவில் வாழும் எமது பேத்தி 'யாழ்ப்பாணத்துப் பிட்டு' என்று கேட்பது பெரும்பாலும் இந்தக் கலப்பு மாப் பிட்டைத்தான்.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதுவரை கட்டணம் கட்ட இயலாதிருந்த வீடுகளின் பெண்பிள்ளைகளும் படிப்படியாகக் கல்லூரிகளுக்கு வரத் தொடங்கினர். கடகத்தில் மரக்கறி கொண்டுபோய்ச் சந்தையில் விற்கும் அம்மாவின் மகளும், கந்தோர் உத்தியோகத்தரின் மகளும் ஒரே வாங்கில் அமர்ந்தார்கள். வெள்ளைச் சீருடை இருவரையும் ஒன்றாக்கியது. அந்த வெள்ளையைக் காப்பாற்றியது வீட்டுப் பெண்களின் உழைப்பு: நீலம் போட்டு, சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, கொடியில் காயவிட்டு, சிரட்டைக்கரி நிரப்பிய அயன்பெட்டியால் அழுத்தி முடிக்க ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முழுதும் சென்றுவிடும்.

வெங்காயக் காசும் கைத்தறிச் சேலையும்

அடுத்த பெரிய தட்டுப்பாடு 1970 முதல் 1977 வரையான ஆண்டுகளில் வந்தது. அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. பாணுக்கு விடியமுன்னரே வரிசை. சீனிக்கும் துணிக்கும் பங்கீடு. சோற்றுக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கு. மரவள்ளி சமைத்த அன்று இஞ்சி சேர்க்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் விடுத்த எச்சரிக்கை அந்தத் தலைமுறைக்கு இன்றும் மறக்காது.

ஆயினும் குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு அது கை நிறைந்த காலம். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் எமது செம்மண் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. வெங்காயக் காசில் ஓலை வீடுகள் கல்வீடுகளாயின. சாணத் தரை சிவப்புச் சீமெந்துத் தரையானது. அதைத் தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்கு மினுக்குவது வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை வேலை. முன்னறைக்குக் கண்ணாடி அலுமாரி வந்தது. கடைகளில் அலங்காரப் பொருள் இல்லாத அக்காலத்தில் அதற்குள் வைக்கப்பட்டவை கல்லூரித் தையல் வகுப்பில் நாம் பின்னிய குறோசே விரிப்புகளும், பன்ன வேலையில் இழைத்த சிறு பெட்டிகளும், விளையாட்டுப் போட்டிக் கிண்ணங்களுமே.

உடையிலும் அப்படித்தான். இந்தியச் சேலைகள் அரிதாயின. சலுசலக் கடைத் துணியும் உள்ளூர் நெசவுசாலைகளின் கைத்தறியும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பெட்டியில் கிடந்த அம்மாவின் பழைய சேலை மகளுக்குப் பாவாடை தாவணியாகி, பின்னர் யன்னற் சீலையாகி, இறுதியில் அடுப்படிக் கைபிடித்துணியாகி முடிந்தது.

இந்த ஆண்டுகளை நினைவுகூரும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே காலத்தில் மலையகத் தோட்டங்களில் பட்டினி நிலவியது. பசியால் மனிதர் இறந்தனர். அங்கிருந்து வடக்கே வந்த குடும்பங்கள் பல. அவர்களது பெண்பிள்ளைகளிற் சிலர் குடாநாட்டு வீடுகளில் வேலைக்கு நின்றார்கள். சிவப்புத் தரையை மினுக்கிய கைகளிலும், மா இடித்த கைகளிலும் அவர்களது கைகளும் உண்டு. அவர்களிற் பலருக்கு எம்மைப்போல் வெள்ளைச் சீருடை அணியும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர்கள் இல்லாமல் எமது வீடுகளின் வரலாறு நிறைவுறாது.

தடைக்கால வீடு

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது. வடக்கே பொருள்கள் கொண்டுவருவதற்குத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து, சவர்க்காரம், மெழுகுதிரி, தீப்பெட்டி, அச்சுத்தாள் எனப் பட்டியல் நீண்டது. சில முற்றாகத் தடைப்பட்டன. சில கைக்கெட்டாத விலையில் சிறிதளவே கிடைத்தன. எமது சங்கத்தின் நூறாண்டுகளில் வீட்டுப் பெண்களின் புத்திக்கு மிகப் பெரிய வேலை வைத்த காலம் இதுவே.

முதலில் வெளிச்சம். அரிக்கன் விளக்குக்கும் மேசை விளக்குக்கும் வேண்டிய மண்ணெண்ணெய் கட்டுப்படியாகவில்லை. பிறந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை அமுக்கி, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் தாங்கிய சிறு திரியை உள்ளே நிறுத்தினால் சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். காற்றுக்கு அணையாது, எண்ணெயும் கொஞ்சமே குடிக்கும். தொண்ணூறுகளில் க.பொ.த. சாதாரண தரமும் உயர்தரமும் எழுதிய எம்மவர் பலர் படித்தது இந்த வெளிச்சத்தில்தான். காலையில் எழுந்தால் மூக்கில் கரி படிந்திருக்கும்.

அதைப் புகழ்ந்து மட்டும் பேசுவது சரியாகாது. தட்டினால் விழுந்து தீப்பற்றும் போத்தல் விளக்குகளால் இலங்கை முழுவதும் எத்தனையோ பேர் எரிகாயமடைந்தார்கள்; அவர்களிற் பலர் பெண்களும் குழந்தைகளுமே. அக்காயங்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கட்டையான மாமைற் போத்தலின் உருவைப் பார்த்து, எளிதில் கவிழாததும் உருளாததுமான கனமான கண்ணாடி விளக்கொன்றைத் திருகு மூடியுடன் வடிவமைத்தார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். சாதாரண வீட்டுப் பொருளொன்றின் பின்னால் எவ்வளவு ஆபத்தும் எவ்வளவு சிந்தனையும் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அடுத்து சலவை. சவர்க்காரம் இல்லாதபோது பாட்டிமாரின் காலத்துப் பனம்பழம் மீண்டும் கிணற்றடிக்கு வந்தது. பழுத்த பனம்பழத்தின் களியைத் தண்ணீரில் பிசைந்து அதில் உடுப்புகளைத் தோய்த்து அலசினால் அழுக்குப் போகும். வாசம் மட்டும் இலேசில் போகாது. கொடியில் காயப்போட்ட சட்டையை மாடு வந்து சப்பிவிட்டுப் போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. வெள்ளைச் சீருடைக்கென்று பல வீடுகளில் கடைசிச் சவர்க்காரத் துண்டு ஒளித்து வைக்கப்பட்டது. சப்பாத்துக்கு வெள்ளை பூசக் கிடைக்காதபோது வெண்கட்டியைத் தேய்த்துக்கொண்டு பிரார்த்தனைக் கூட்டத்துக்கு ஓடினோம். உரப்பையைப் பிரித்துத் தைத்த பை புத்தகப்பையாயிற்று.

சாப்பாட்டிலும் பனைதான் கைகொடுத்தது. சீனி எட்டாத விலையானபோது ஒரு கையில் வெறும் தேத்தண்ணீரும் மறு கையில் பனங்கட்டித் துண்டுமாகக் குடித்தோம். கடித்துக் கடித்துக் குடிப்பதில் ஒரு துண்டு ஒரு கோப்பைக்குப் போதும். ஒடியல் மாவில் பிட்டும் கூழும், பனாட்டும், புழுக்கொடியலும், பனங்காய்ப் பணியாரமும் விருந்துப் பண்டம் என்ற நிலையிலிருந்து அன்றாட உணவாகின. ஒடியற் கூழ் மீனும் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சுவது. கடல்வலயத் தடையால் மீன் குறைந்த நாள்களில் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் முருங்கையிலையுமே அதை நிறைத்தன.

பொழுதுபோக்கென்று அக்காலத்தில் என்ன இருந்தது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். பற்றரி இல்லாத வானொலியைச் சைக்கிள் டைனமோவில் இணைத்தோம். சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். அச்சுத்தாள் இல்லாதபோது 'உதயன்' அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தது. ஒரு நாவல் இருபது வீடு சுற்றி, அட்டை கழன்று திரும்பும். திண்ணையில் கொக்கான், தாயம். எப்போதாவது ஒரு வீட்டில் ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து விடியும்வரை மூன்று நான்கு படங்கள் ஓட்டுவார்கள்.

இவை எல்லாவற்றிலும் எமது வாழ்வை மாற்றியது சைக்கிள்தான். பஸ்கள் ஓடாத காலத்தில் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிளிலேயே போக வேண்டியிருந்தது. பெண்பிள்ளை தனியே சைக்கிளில் போவதா என்று முன்னர் கேட்ட வீடுகள் கேள்வியை விட்டன. கேட்க நேரமில்லை. வெள்ளைச் சீருடையில், பின்னிய இரட்டைச் சடையோடு, நான்கு ஐந்து பேராக வீதியில் சென்ற காட்சி அக்காலத்து யாழ்ப்பாணத்தின் அடையாளமாயிற்று. தடை கொடுமையானது, அதற்குள்ளிருந்தே எமக்கு ஒரு சுதந்திரமும் கிடைத்தது. அது பின்னர் எம்மிடமிருந்து திரும்ப எடுக்கப்படவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நெருக்கியடித்துக் கடந்த அந்தச் சனத்திரளில் எமது மாணவிகளும் ஆசிரியைகளும் இருந்தார்கள். ஒரு வீட்டில் எது உண்மையில் தேவையானது என்பதை அன்று ஒரு சைக்கிளின் கரியர் தீர்மானித்தது. அரிசி, ஒரு சட்டி, ஒரு பாய், பரீட்சைச் சான்றிதழ்கள். கண்ணாடி அலுமாரி வீட்டில் நின்றது.

கூறைச்சேலையும் கஞ்சியும்

2009இன் முதல் மாதங்களில் வன்னியில் நடந்தவற்றை இக்கட்டுரையில் முழுமையாகச் சொல்ல முடியாது. சொல்லாமல் கடக்கவும் முடியாது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சென்ற பெண்கள் பதுங்குகுழிக்கு மண்மூடை கட்டுவதற்குத் தங்கள் சேலைகளை வெட்டித் தைத்தார்கள். கூறைச்சேலையும் அதில் போயிற்று. நாம் நூறு ஆண்டுகளாக நாப்தலின் உருண்டை போட்டு, பெட்டியின் அடியில் மடித்து வைத்துக் காத்த துணி அது. குழந்தையின் உயிரைவிட அது பெரிதல்ல என்று அங்கிருந்த தாய் ஒரு கணத்தில் தீர்மானித்தாள்.

அங்கே வரிசையில் நின்று வாங்கிய அரிசிக் கஞ்சிக்குப் பாலுமில்லை, பயறுமில்லை. இன்று ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சி காய்ச்சிப் பகிரப்படுகிறது. அதை ருசிக்காக எவரும் குடிப்பதில்லை.

இப்போது

போரும் புலப்பெயர்வும் எம்மை உலகெங்கும் பரப்பிவிட்டன. இம்மலரை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் ஸ்காபரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ பாரிசின் லா சப்பலுக்கு அருகிலோ இருக்கக்கூடும். அங்கே தமிழ்க் கடைகளில் ஒடியல் மாவும் பனங்கட்டியும் அழகிய பொதியில் கிடைக்கின்றன. இல்லாமையின் உணவு இன்று ஆரோக்கிய உணவு என்று பெயர் பெற்று விலையும் ஏறிவிட்டது. எமக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பொதியை வாங்கும் மகளுக்கு அதன் கதையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே எமது விருப்பம்.

2022இல் இலங்கை முழுவதும் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் பால்மாவும் இல்லாமற் போனது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. அச்சிடத் தாளில்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அப்போது தொண்ணூறுகளைக் கண்ட எம்மவர் பலர் பதறவில்லை. விறகடுப்பை மூட்டினார்கள், விளக்கைத் துடைத்து வைத்தார்கள், அயலவருக்கும் வழி சொன்னார்கள். அந்த அறிவு இன்னும் உயிரோடு இருந்ததால் அது முடிந்தது.

ஆனால் அது எவ்வளவு காலம் உயிரோடிருக்கும்? 1942இன் கூப்பன் வரிசையை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். எழுபதுகளின் பாண் வரிசையில் நின்ற சிறுமிகள் பாட்டிமாராகிவிட்டார்கள். போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கே நரை விழத் தொடங்கிவிட்டது. அதிபர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. மாவை அவித்தவளின் பெயரும், பனம்பழத்தில் சீருடை தோய்த்தவளின் பெயரும், உரப்பையில் புத்தகப்பை தைத்தவளின் பெயரும் எங்கும் இல்லை.

ஆகவே உலகெங்கும் வாழும் எமது சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ இந்த வாரமே பேசுங்கள். இல்லாத காலத்தில் அவர்கள் என்ன சமைத்தார்கள், எதை எப்படித் தைத்தார்கள், எப்படி விளக்கேற்றினார்கள் என்று கேளுங்கள். அளவுகளையும் செய்முறையையும் அவர்களுடைய சொற்களிலேயே எழுதுங்கள். மேலே அவர்களுடைய பெயரையும் எழுதுங்கள். ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். நூற்றைம்பதாவது ஆண்டு மலரை எழுதப்போகிறவர்களுக்கு அது கட்டாயம் தேவைப்படும்.